வானத்து ‘லைன் கிளியர்’

புகைவண்டித் துறையிற் பணிபுரியும் யாம், அடுத்த நிலையத்தாரின் ‘லைன் கிளியர்’ இன்றி வண்டியை விடுவதில்லை. வானத்திலும் அத்தகைய விதியுண்டு. பெரிய விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளியுள், இருவர் அமரும் சிறு விமானமாயினும், கட்டுப்பாட்டு நிலையத்தாரிடம் வானொலி வாயிலாக அனுமதி பெற்றே புகுதல் வேண்டும். பெற்ற உத்தரவை விமானி திருப்பிச் சொல்லுதலும் வேண்டும். எம் நிலைய அதிபர்கள் ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறுவது போலத்தான்!

1986 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளிக்குள் ‘பைப்பர்’ சிறு விமானமொன்று அனுமதியின்றிப் புகுந்தது. தன் உயரத்தைத் தரைக்கு அறிவிக்கும் கருவி அதில் இல்லை. செரிட்டோஸ் என்னும் ஊரின்மேல், இறங்கிக்கொண்டிருந்த மெக்சிகோ நாட்டுப் பயணி விமானத்தின் வாற்பகுதியில் மோதிற்று. மாண்டோர் 82 பேர். அவருள் 15 பேர், அந்தோ, தரையில் இருந்தவர்கள்! அதன் பின்னரே, பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வரை, பெரும்பாலான சிறு விமானங்களுக்கும் அக்கருவியை அந்நாட்டரசு கட்டாயமாக்கியது.