கண்ணும் பந்தும்



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் மக்காச்சோளம் அறுத்த புன்செய்க் காடுகள் மாலை நேரத்தில் ஆடுகளங்களாக மாறிவிடும். ஒருபுறம் கிரிக்கெட், மற்றொருபுறம், தஞ்சைத் தரணியில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம். இவ்விளையாட்டுகளில் தேர்ச்சி பெற விழையும் இளைஞர், “ஐயா, கண்ணுக்குப் பயிற்சி உண்டா?” என்று என்னிடம் வினவுவர். உண்டு என்பதே என் விடை. எனினும், பயிற்சியால் ஆவது எது, ஆகாதது எது எனப் பகுத்தறிதல் வேண்டும்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். கண்டதை உணர்ந்து கை அசையத் தொடங்குவதற்கே நொடியில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். அவ்வாறாயின் எப்படி அடிக்கிறார்கள்? இங்கிலாந்தில் லேண்ட், மெக்லியாட் என்னும் ஆய்வாளர் இருவர் மட்டையாளரின் பார்வை செல்லும் திசையைக் கருவியால் அளந்து, 2000-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மட்டையாளர் பந்தை வழிநெடுகிலும் தொடர்வதில்லை. பந்து கையை விட்டு நீங்குவதை நோக்குகிறார். உடனே, அது தரையில் விழப்போகும் இடத்திற்குப் பார்வையைத் தாவவிட்டுக் காத்திருக்கிறார். தேர்ந்த ஆட்டக்காரரின் பார்வை முந்தித் தாவுகிறது. ஆகவே, காண்பது கண்ணாயினும் கணிப்பது மனமே.

இதற்குச் சான்றாக விளங்கியவர் மன்சூர் அலிகான் பட்டோடி. 1961 ஜூலையில், இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில், கண்ணாடிச் சில்லு பாய்ந்து அவரது வலக்கண் பார்வை கெட்டது. அப்போது அவருக்கு வயது இருபது. குவளையில் நீர் ஊற்ற முயன்றால் நீர் வெளியே சிந்திற்று. தொலைவை அளக்கும் ஆற்றல் அவ்வளவு குன்றியிருந்தது. பின்னர், கண்ணோடு ஒட்டும் வில்லை அணிந்து ஐதராபாத்தில் ஆடியபோது பந்து இரண்டாகத் தோன்றியது. உட்புறம் தெரிந்த பந்தையே அடித்தார். பிறகு வில்லையை அகற்றிவிட்டு, அக்கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். விபத்து நடந்து ஆறே திங்களில், 1962 ஜனவரியில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா இங்கிலாந்தை முதன்முதலாகத் தொடரில் வென்றதும் அப்போதுதான். அவர் ஆடிய 46 டெஸ்ட் ஆட்டங்களும் விபத்திற்குப் பின்னர் ஆடியவையே! இழந்த பார்வை மீளவில்லை. எஞ்சிய பார்வையைக் கொண்டு கணிக்க அவர் கற்றுக்கொண்டார்.

நீங்களும் அதனைக் கற்கலாம். பந்தின்மேல் பெரிய எழுத்துகளை எழுதுங்கள். நண்பன் எறியும்போது, பிடிப்பதற்கு முன் ஓர் எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள். மட்டையின்றி, பந்து வராத பக்கம் ஒதுங்கி நின்று வீச்சாளரின் மணிக்கட்டை நோக்குங்கள். பந்து கையை விட்டதும் அது விழும் இடத்தைக் கூறிப் பழகுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில், பேஸ்பால் ஆட்டக்காரர்க்குக் கணிப்பொறி வழியே மங்கலான உருவங்களைக் கண்டறியும் பயிற்சி அளித்தனர். பார்வை கூர்மையடைந்தது, ஆட்டமும் மேம்பட்டது என 2014-இல் அறிவித்தனர். அஃது ஒரு சிறு குழுவில் கண்ட முடிவு என்பதையும் நினைவிற்கொள்க.

இனி, ஆகாதது எது? கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீள்வதால் உண்டாவது. விழியை உருட்டுவதால் நீண்ட கோளம் குறுகாது. கதிரவனை உற்று நோக்கினால் பார்வை கூடும் என்பாரும் உளர். விழித்திரையைக் கெடுக்கும் அச்செயலை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆனால், நாள்தோறும் திறந்தவெளியில் நெடுநேரம் இருக்கும் சிறுவர்க்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. விளையாட்டே கண்ணுக்குக் காவலாகிறது!

ஆசிரியப் பணியில் நான் கண்டு வருந்திய ஒன்றைச் சொல்லுகிறேன். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுளிக்கும் மாணவனை வகுப்பில் மந்தன் என்பர். மாலையில் அவன் பந்தைத் தவறவிட்டால் சோம்பேறி என்பர். இரண்டும் பொய், அவனுக்கு வேண்டுவது கண்ணாடி. கண்ணாடி அணிந்தால் வரன் அமையாது என்று மகளின் குறையை மறைக்கும் பெற்றோரும் இருக்கின்றனர். அதனால் அப்பெண் இழப்பது கல்வியை அன்றோ? தமிழக அரசு 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தொடங்கியது இத்தகைய மாணவர்க்காகவே.

நாளை வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக் கரும்பலகையைப் படியுங்கள். பின்னர் மறு கண்ணை மூடிப் படியுங்கள். ஏதேனும் ஒன்றில் எழுத்து மங்கினால், தயங்காமல் ஆசிரியரிடம் கூறி மருத்துவரை நாடுங்கள். முதலில் குறையைப் போக்குங்கள். அதன்பின் பயிற்சியை மேற்கொள்ளுங்கள். தெளிந்த கண்ணும் விழிப்புள்ள மனமும் சேர்ந்தால் பந்து உங்கள் வசமாகும், பாடமும் வசமாகும்.