படுக்கும்முன் பாடும் பாட்டு



தில்லியில் குடியேறிய தமிழர்கள் நாம். சாந்தினி சௌக் போகாதவர்கள் இந்த அவையில் இருக்கமாட்டீர்கள். புடவை எடுக்கப் போயிருப்போம், ஜிலேபி சாப்பிடப் போயிருப்போம். அந்தத் தெருவிலேயே பொன்முலாம் பூசிய கும்மட்டங்களோடு நிற்கும் சீஸ்கஞ்ச் குருத்துவாராவுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறோம்? கையைத் தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்தமாட்டேன்.

1675-இல் அந்த இடத்தில்தான் சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் தலையை வெட்டினார்கள். ஔரங்கசீப்பின் ஆட்சி. தங்கள் சமயத்தைக் காத்துக்கொள்ள வழி தெரியாத காஷ்மீரப் பண்டிதர்கள் ஆனந்தபூருக்குப் போய் அவரிடம் முறையிட்டார்கள். பூணூல் வேண்டாம் என்ற குருநானக்கின் வழியில் வந்தவர், பூணூல் போட்டவர்களுக்காகக் கழுத்தைக் கொடுத்தார். அவருக்கு முன்னே அவருடைய தோழர்கள் மூவரைக் கொன்றார்கள். மதிதாஸை ரம்பத்தால் அறுத்தார்கள். தயாளாவைக் கொதிக்கும் கொப்பரையில் இறக்கினார்கள். சதிதாஸைப் பஞ்சில் சுற்றி எரித்தார்கள். சீக்கிய மரபு இதை இன்றும் விடாமல் சொல்லி வருகிறது.

இத்தனையையும் நெஞ்சில் சுமக்கிற ஒரு சமூகம் இரவில் எப்படித் தூங்குகிறது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நம் வீட்டில் பிள்ளை தூக்கத்தில் அலறினால் பாட்டி திருநீறு பூசுவாள், கந்தர் சஷ்டி கவசம் சொல்லுவாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை முருகன் காக்கவேண்டும். காப்பு கேட்கிற பாடல் அவர்களிடமும் உண்டு. குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் சௌபாய் அந்த வகை. ஆனால் படுக்கைக்குப் போகும்போது ஓத வேண்டியது என்று அவர்களுடைய ஒழுக்கநெறி நூல் சொல்வது வேறொன்று. சோஹிலா என்று பெயர். ஐந்தே பாடல்கள். மூன்று குருநானக்குடையவை, ஒன்று நான்காம் குரு ராம்தாஸுடையது, ஒன்று ஐந்தாம் குரு அர்ஜனுடையது. கை, கால், முகம் கழுவிக்கொண்டு, படுக்கையிலேயே உட்கார்ந்து, புத்தகம் பார்க்காமல் சொல்லி முடிக்கலாம். பால் ஆறுகிற நேரம்கூட ஆகாது.

இதில் என்னை உலுக்கியது என்ன தெரியுமா? முதல் பாட்டே மரணத்தைப் பற்றியது! மரணத்தைக் கல்யாணமாக வைத்துப் பாடுகிறார் நானக். முகூர்த்தம் குறித்த மணப்பெண்ணாக உயிர் நிற்கிறது. வாசலில் எண்ணெய் வார்க்கிற பஞ்சாபிச் சடங்குகூட விட்டுப்போகவில்லை. பிள்ளைக்குச் சொல்லித்தருகிற தூக்கப் பாட்டில் சாவா என்று நாம் பதறுவோம். இன்னும் கேளுங்கள். சிதை மூட்டியபின் சுற்றி நிற்கிறவர்கள் ஓதுவதும் இதே சோஹிலாதான். பாட்டி பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த பிள்ளை, பின்னாளில் அந்தப் பாட்டியின் சிதைக்கு முன்னால் அதையே ஓதும். கெட்ட கனவு என்னென்ன வேஷம் போட்டு வந்தாலும் கடைசியில் காட்டுகிற பூச்சாண்டி சாவுதானே? அந்தப் பூச்சாண்டியோடு இவர்கள் தினமும் படுக்கையில் உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். அப்புறம்தான் விளக்கை அணைக்கிறார்கள்.

இது இரவுப் பாடம். இன்னொன்று அர்தாஸ். வழிபாடு முடியும்போது எல்லோரும் எழுந்து நின்று கைகூப்பிச் சொல்கிற வேண்டுதல். அதன் நடுவே என்ன வருகிறது? அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுபட்டவர்கள், சக்கரத்தில் கட்டி நொறுக்கப்பட்டவர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லோரும் வாஹேகுரு என்று இறைவன் பெயரைச் சொல்கிறார்கள். குழந்தைகளும் நிற்கிறார்கள்; காதைப் பொத்துவாரில்லை. இவ்வளவும் சொன்னபின் வேண்டுதல் முடிகிற இடம், எல்லோருக்கும் நலம் உண்டாகட்டும் என்பது. ‘நம்மவர்க்கு’ என்றுகூட இல்லை, எல்லோருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவத்தில் ஒரு பயிற்சி தருகிறார்கள். விழித்திருக்கும்போதே கனவை எழுதச் சொல்வார்கள், முடிவை மாற்றச் சொல்வார்கள், மாற்றியதைத் தினமும் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அர்தாஸ் சிகிச்சைக்காகப் பிறந்ததல்ல. ஆனாலும் அதில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருப்பவர்கள் மருத்துவரையும் பாருங்கள். எந்த குருவும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

1984-க்கு வருகிறேன். அந்த நவம்பரில் இந்த ஊரில் சீக்கியர்களுக்கு நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. திலக் விஹாரில் விதவைகள் காலனி என்றே ஒரு குடியிருப்பு உண்டாயிற்று. அந்தப் பெண்களிடம் போய், பாட்டுப் பாடுங்கள் பயம் போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கொலைகளுக்காகக் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதிக்க 2018 ஆகிவிட்டது. குற்றம் செய்தவன் அதே ஊரில் காரில் போய்க்கொண்டிருந்தால் கெட்ட கனவு எப்படி அடங்கும்? பிரார்த்தனை நீதிமன்றத்தின் வேலையைச் செய்யாது. செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அதே சமூகம் 2021 ஏப்ரலில், கொரோனா அலையின்போது, என்ன செய்தது என்பதையும் நாம் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்ஸிஜன் இல்லை. இந்திராபுரம் குருத்துவாரா வாசலில் சிலிண்டரை நிறுத்தி, கார் சீட்டில் சாய்ந்து கிடந்தவர்களுக்குக் குழாய் மாட்டினார்கள். குருத்துவாராவின் இலவசப் பொதுச் சாப்பாட்டுக்கு லங்கர் என்று பெயர்; இதற்கு ஆக்ஸிஜன் லங்கர் என்று பெயரே வந்துவிட்டது. நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்களுக்கும் நம்மைப் போன்ற நுரையீரல்தான், தொற்று அவர்களை விட்டுவைக்கவில்லை. அந்தத் துணிவின் வேர் இங்கே இருக்கலாம்: அவர்கள் தினமும் காலையில் ஓதுகிற மூல மந்திரத்தில் கடவுளுக்கு அச்சமற்றவன், பகையற்றவன் என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. தேக் பகதூரும் தம் பாடலில், பிறரை அச்சுறுத்தாமல், தானும் அஞ்சாமல் இருப்பவனையே ஞானி என்கிறார். பயத்தை விட்டவன் பயமுறுத்துகிறவனாக மாறிவிட்டால் அந்த விடுதலைக்குப் பொருளே இல்லை. முரட்டு வீரத்தைத் தைரியம் என்று கைதட்டுகிற நம் சினிமாவுக்கு இது புரியவே புரியாது!

நேரமாகிவிட்டது என்று கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை சாந்தினி சௌக் போனால் சீஸ்கஞ்சில் இரவு வரை இருங்கள். சோஹிலா ஓதி, தங்கள் வேதமான குரு கிரந்தத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, தலையில் தாங்கிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை வேண்டும். மறந்துபோனால் அங்கேயே துணி கொடுப்பார்கள். பிரசாதத்துக்கு இரண்டு கையையும் சேர்த்து நீட்டுங்கள், கோதுமை அல்வா, நெய் விரலிடுக்கில் வழியும். லங்கரில் சாப்பிடாமல் திரும்பிவிடாதீர்கள், நீங்கள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.