கோட்டை வீழ்ந்த பிறகும்...



பல்கேரியா நாட்டிலே வெலிகோ டர்னோவோ என்று ஓர் ஊர். யாந்த்ரா ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. இடையிலே செங்குத்தான குன்றுகள். கோட்டை கட்ட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அகழி வெட்டும் வேலையில் பெரும்பகுதியை ஆறே முடித்துவிட்டது! 1185இல் அசென், பீட்டர் என்ற சகோதரர்கள் பைசாண்டியப் பேரரசை எதிர்த்துக் கிளம்பியது இங்கிருந்துதான். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இதுவே தலைநகரம். 1230இல் தான் பெற்ற போர் வெற்றியை இரண்டாம் இவான் அசென் ஒரு கல்தூணில் பொறித்து வைத்தார். 'நாற்பது தியாகிகள்' தேவாலயத்தில் அந்தத் தூண் இன்றும் இருக்கிறது.

1393இல் என்ன ஆச்சு? துருக்கியர் மூன்று மாதம் முற்றுகையிட்டார்கள். மன்னர் இவான் ஷிஷ்மான் ஊரில் இல்லை. மக்களுக்குத் துணையாக நின்றவர் திருச்சபைத் தலைவர் எவ்திமி. ஜூலை 17இல் நகரம் வீழ்ந்தது. எவ்திமியை நாடு கடத்தினார்கள்.

அத்தோடு கதை முடிந்துபோச்சு என்றுதானே நினைப்போம்? ஆனால் எவ்திமி ஒரு நல்ல வாத்தியாரும்கூட. பிழை மலிந்த ஏடுகளைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். எழுத்து முறையை ஒழுங்கு செய்தார். அதைக் கற்றவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள். அவர் வழிவந்த கிரிகோரி சம்பிளாக், கீவின் தலைமைப் பேராயர் ஆனார். கோஸ்டெனெத்ஸ் ஊர் கான்ஸ்டன்டைன் எவ்திமியின் மாணவருக்கு மாணவர். அவர் செர்பியாவுக்குப் போய், எழுத்து முறை பற்றியே ஒரு நூல் எழுதினார்!

1879இல் பல்கேரியாவின் முதல் அரசியல் சட்டம் இந்த ஊரில்தான் இயற்றப்பட்டது. தலைநகர் என்ற பெருமை மட்டும் சோபியாவுக்குப் போயிற்று. இன்று அங்கே நிமிர்ந்து நிற்கும் கோட்டையில் பெரும்பகுதி 1930க்கும் 1981க்கும் இடையே சீரமைத்துக் கட்டியது. பணமும் வரைபடமும் இருந்தால் மதிலை மறுபடி எழுப்பிவிடலாம். அறுந்துபோன பாடத்தை அப்படி எழுப்ப முடியுமா?

நம் சங்கம் புதுக் கட்டடத்துக்கு நிதி திரட்டுகிறது. நல்ல காரியம், நானே கட்டடம் கட்டிப் பிழைப்பவன்தான். அதோடு நூலகத்துக்கும், ஃபீஸ் கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி தங்கைகளே, இங்கே கற்றதை இன்னும் ஒருவருக்காவது சொல்லிக்கொடுங்கள்.