எல்லார் காதிலும் விழும்படி

அம்பத்தூர், ஆவடி பக்கம் சில சபைகளில் மேடைக்குக் கீழேயே ஒரு தொட்டி இருக்கும். மற்ற நாளில் பலகை போட்டு மூடியிருப்பார்கள். ஞானஸ்நானம் என்றால் பலகையை எடுத்து, இடுப்பளவு தண்ணீர் நிரப்புவார்கள். வெள்ளை உடுப்போடு இறங்குகிறவரிடம் போதகர் சபை முழுக்கக் கேட்க விசாரிப்பார்: "இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொண்டீர்களா?" "ஆம்" என்றதும் ஒரே முழுக்கு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையாரிடம் கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் வார்ப்பதுண்டு. அங்கே குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொல்வார்கள்.

நம்பிக்கை மனசுக்குள் இருந்தால் போதாதா, ஊரறியச் சொல்லணுமா? நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரியாக இருந்தவர். டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். வாயை மூடிக்கொண்டு கும்பிட்டிருந்தால் பதவியும் தங்கியிருக்கும், தலையும் தங்கியிருக்கும். அவரோ 1745-இல் வடக்கன்குளம் போய்த் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். அந்த அம்மாவின் துணிச்சலையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

1749-இல் தேவசகாயம் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள் என்கிறது அவர் வரலாறு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர், குருவுமல்ல துறவியுமல்ல, குடும்பஸ்தர்.