மயில் ஊரில் சிங்கப் பேச்சு



"விராலிமலையில வந்து நின்னுக்கிட்டு சிங்கத்தைப் பத்தி என்னடா பேசப் போறே?" என்று காலையிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். மயிலும் வருகிறது, பொறுங்கள்.

ஆப்பிரிக்காவை விட்டால் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் காட்டிலும் அதை ஒட்டிய சௌராஷ்டிரப் பகுதியிலும்தான். வேட்டையில் அழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சில சிங்கங்களே மிஞ்சின. ஜூனாகட் நவாபுகள் காப்பாற்றினார்கள். 1965ல் கிர் சரணாலயமானது. 2025 கணக்கெடுப்பில் 891.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். இரண்டு ஆண் சிங்கங்கள் ஒரே நிழலில் படுத்திருந்தன. கிர் சிங்கங்களில் ஆண்கள் இப்படி இரண்டு மூன்றாகச் சேர்ந்து திரியும். பெண் சிங்கங்கள் குட்டிகளோடு தனிக்குடித்தனம். இணை சேரவும், பெரிய இரை விழுந்தாலும்தான் பெரும்பாலும் சந்திப்பு. (நம்மில் சிலர் குடும்பத்தைப் பார்ப்பதும் அப்படித்தான்!)

அந்த 891ல் பாதிக்கு மேல் இருப்பது கிர் சரணாலயத்துக்கு வெளியே, பல தோட்டத்திலும் வயலிலும். சுவரில்லாத கிணற்றில் விழுந்து சாகின்றன என்று வனத்துறை கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுக்கிறது. மால்தாரிகளின் எருமையைச் சிங்கம் அடித்தால் அரசு இழப்பீடு தருகிறது. ஆனாலும் பால் கறந்த எருமை திரும்பி வருமா? இங்கே மயில் கடலைக்காட்டைக் கிளறிவிட்டுப் போனால் எங்கள் சித்தப்பா, "முருகன் வாகனம், என்னத்தைச் சொல்ல" என்பார். இழப்பு அவருடையதுதான். ஊர்க்காரன் பொறுத்துக்கொள்வதால்தான் இரண்டும் பிழைத்திருக்கின்றன.

எனக்குப் பயம் வேறு. 1994ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் பரவி, சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. 2018ல் கிர் காட்டிலேயே சில வாரங்களில் இருபதுக்கும் மேல் செத்தன. அவற்றில் சிலவற்றிடமும் அதே நோய். ஊர் விதைநெல் முழுவதையும் ஒரே கூரை வீட்டில் வைப்போமா?

இதற்காகத்தான் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டைத் தயார் செய்தார்கள். சிங்கத்துக்காக 24 கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2013ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. சிங்கம் போகவில்லை, 2022ல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. குஜராத்துக்குள்ளேயே பர்தா மலைக்குச் சில சிங்கங்கள் தாமாகப் போயிருக்கின்றன, 2025ல் 17. நல்லதுதான். ஆனால் அதுவும் கிர் காட்டுக்குப் பக்கம்தானே? சிங்கம் எங்கள் மாநிலப் பெருமை என்கிறார்கள். ஊரை விட்டுப் போன அந்த 24 கிராமத்தாருக்கு என்ன பதில் சொல்வது?

நேரமாகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். அந்த இரண்டு சிங்கங்களின் படம் பையில் இருக்கிறது, டீ குடிக்கும்போது வந்து பாருங்கள்.