தள்ளாடும் நடை

மலேசியாவின் லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவில் பனி விலகுகிற நேரம். முதுகுக் கூடையோடு ஈர மண்ணில் ஏறுகிறவருக்கு ஒரு அடி பிசகினால் சறுக்கல்தான். அந்த அடியைக் கணக்குப் போட்டு வைக்கச் செய்வது பிடரிப் பக்கமுள்ள சிறுமூளை.

தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடம் சிறுமூளையை அரிக்கும் பரம்பரை நோய் அதிகம் என்று 2005-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எஸ்சிஏ-1 என்று பெயர். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ‘காலையிலேயே குடிச்சிட்டான்’ என்று பழி வேறு!

காரணத்தை 1993-இல் கண்டவர்கள் ஹுடா ஜோக்பியும் ஹாரி ஆரும். அடாக்ஸின்-1 மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் வேறு எழுத்தே வராமல் நாற்பதைத் தாண்டினால் ஆபத்து. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பழுதான அடாக்ஸின் புரதம், மற்ற மரபணுக்களை அடக்கிவைக்கும் கபிகுவா என்ற புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. எது பேசலாம், எது வாய்மூடலாம் என்ற ஒழுங்கு செல்லுக்குள் குலைகிறது.

எனக்கு வியப்பு அடுத்ததில்தான். அடாக்ஸின் அளவைக் குறைத்து வைப்பது பியூமிலியோ-1 என்ற இன்னொரு புரதம். 2015-இல் எலிகளில் அதைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். பழுதே இல்லாத அடாக்ஸின் கூடிப்போய், அந்த எலிகளும் தள்ளாடின. பாட்டில் கோளாறில்லை; வானொலிச் சத்தம்தான் கூடிவிட்டது. அந்தச் சத்தத்தைக் குறைக்கும் மருந்தைத்தான் இப்போது தேடுகிறார்கள்.