கையில் தேயும் அட்டை



எங்கள் வானகரத்திலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் எழும்பூரை அடையலாம். அவ்வெழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கென நடந்துவந்த அநாதை விடுதியின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் அதனை விரும்பாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அவ்வகுப்புக்குக் கற்பிக்க அமர்த்தினார். அவர் 1797இல் வெளியிட்ட நூலின் வழியே அம்முறை இங்கிலாந்தை அடைந்து, 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

மணலின் சிறப்பு யாது? எல்லாப் பிள்ளைகளின் கைகளும் ஒரே வேளையில் இயங்கின. பிழை நேர்ந்தால் ஒரு தடவலில் மறைந்தது. (இன்று மணல் விற்கும் விலை வேறு கதை!)

இதே கருத்து 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேறு உருவில் தோன்றியது. ரிஷிவேலிக் கல்வி மையத்தின் அட்டைகளைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது மாநிலமெங்கும் பரவிற்று. பிள்ளை தானே அட்டையை எடுப்பான். பாயில் அமர்ந்து பயில்வான். சுவரின் அடியில் தனக்கென அமைந்த கரும்பலகையில் எழுதுவான். ஏணிப்படியில் அடுத்த படிக்கு ஏறுவான்.

நான்காம் வகுப்புக்கு வந்த ஒரு சிறுமியை நான் அறிவேன். கரும்பலகையிலுள்ளதை முத்து முத்தாகப் பெயர்த்தெழுதுவாள். "எழுதியதை வாசி, அம்மா" என்றால் வாய் திறவாள். அவளுடைய குறிப்பேட்டைக் கண்டோர் எவரும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று ஐயுற்றிரார். ட, ப, ம என்னும் மூன்று அட்டைகளோடு, புள்ளியிட்ட ட், ம் இரண்டையும் அவள்முன் வைத்தேன். படம் வந்தது, மடம் வந்தது. இடையில் ஒரு 'ட்' நுழைந்ததும் படம் பட்டமாயிற்று. அதைக் கண்டு சிரித்தவள், தானே மட்டம் என்று அடுக்கினாள். 247 எழுத்துகளையும் ஒப்பித்து முடித்த பின்னரே சொல் என்று காத்திருந்தால் அச்சிரிப்பு என்று வந்திருக்கும்?

அட்டைகள் அழுக்காகும் என்று அலமாரியில் பூட்டி, மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் பரப்பிய பள்ளிகளும் உண்டு. புத்தம் புதிதாய் மின்னும் அட்டைக் கட்டைக் கண்டால் எனக்கு ஐயமே எழும்.

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. முதல் வகுப்பையே காணாது இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர். அவர்களை எண்ணியே 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் எழுந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்க அது வழி செய்தது.

கல்லூரியில் பயிலும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அன்றேல் தெருவில், ஏழெட்டு வயதுத் தம்பி தங்கை இருப்பர். கோயம்பேடு, ஆவடி, பூவிருந்தவல்லி என்று பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயர்களை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். பழைய நாட்காட்டி அட்டையை உள்ளங்கையளவு துண்டுகளாக நறுக்கி, ஒன்றில் படமும் மற்றொன்றில் சொல்லுமாக ஒட்டுங்கள். பசை உலரும்வரை அவர்கள் பொறுத்திரார். ஈரம் காயுமுன்னரே எடுத்துக்கொண்டு ஓடுவர்.